காப்பியில் கரைத்த மாத்திரை

என் வீட்டுக்காரர் தோணித் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்த்தோணியில் அவர் சொல்வதுதான் சட்டம். வீட்டில் நான் சொல்வது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அவருடைய அண்ணனும் தண்டல்தான். நடுக்கடலில் சுக்கான் பிடித்தபடியே பக்கவாதம் வந்து சரிந்தார். கரைக்குக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை. இவருக்கும் பிரஷர் இருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மாத்திரையை நானே கையில் கொடுத்து, விழுங்கும்வரை எதிரே நிற்பேன்.

“ஏளா, நான் என்ன பச்சப்பிள்ளையா?”

“பச்சப்பிள்ளைன்னா ரெண்டு அடி போட்டுக் குடுக்கலாம்லா. முழுங்குங்க.”

எழுபதுகளில் ஒரு வருடம், தென்மேல் காற்று ஓங்கி அடித்ததால் தோணிகளைக் கரையில் கட்டிப்போட்டிருந்த சமயம். கரையில் சும்மா இருந்த மனிதர் மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கினார். கண் மஞ்சளாகிவிட்டது. மாமியார் பார்த்தவுடனே, “காமாலைலா இது!” என்று கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தார். மீன் கூடாது, உப்பு கூடாது, இங்கிலீஷ் மருந்தும் உள்ளே போகக்கூடாது என்று பத்தியம். மீன் இல்லாமல் அவர் பட்ட பாடு மாதாவுக்குத்தான் வெளிச்சம். ஆனால் பிரஷர் மாத்திரையை விடச் சொன்னதில் அவருக்கு ஏக குஷி.

சில வாரங்களில் முகம் தெளிந்தது. மாமியார் கீழாநெல்லியின் புகழைத் தெரு முழுக்கப் பாடினார். எனக்கோ காற்று அடங்கி வருவதுதான் கண்ணில் பட்டது. இவர் மறுபடி சுக்கான் பிடிக்கப் போகிறார். மாத்திரையைத் தொடவும் மறுக்கிறார். டாக்டரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மாத்திரையைப் பொடித்துக் கருப்பட்டிக் காப்பியில் கரைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். கருப்பட்டியில் எந்தக் கசப்பும் தெரியாது.

மஞ்சள் திரும்பி வந்தது. மாமியார் மறுபடி அம்மி முன்னால் உட்கார்ந்தார். கீழாநெல்லி பறித்து வந்ததும் நான்தான், மாத்திரை பொடித்ததும் நான்தான். காமாலை போய்விடும், பக்கவாதம் வந்தால் ஆளே போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூதேவி, உனக்கு எதற்கடி வைத்தியம் என்று இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

ஒரு காலையில் வெள்ளைத்துணியாக வெளிறிப்போய் வாசலில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தை மதுரைக்கு அனுப்பிப் பரிசோதித்தார்கள்.

“ஈரல்ல கோளாறு இல்ல,” என்றார் டாக்டர். “உடம்பைக் காக்கவேண்டிய சக்தி, சொந்த ரத்தத்தையே எதிரின்னு நினைச்சு அழிக்குது. சில பேருக்குத் தானா வரும். சில பேருக்கு மருந்து கிளப்பிவிடும். அந்தப் பிரஷர் மாத்திரைக்கு அந்தக் குணம் உண்டு. இப்பவும் சாப்பிடுதீங்களா?”

“அத நிப்பாட்டி எவ்வளவோ நாளாச்சு,” என்றார் இவர், மூச்சிரைக்க. “எம் பொஞ்சாதிட்ட கேளுங்க. அவ பொய் சொல்லமாட்டா.”

“அப்ப தானா வந்ததுதான். மருந்துக்கு அடங்கலன்னா, அந்த ரத்தத்தை அழிக்கிற மண்ணீரலை ஆபரேஷன் பண்ணி எடுக்கணும்.”

மாமியார் ஜெபமாலையை எடுத்துவிட்டார். என் வீட்டுக்காரரோ, சொல்லேன் என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குடுத்தேன் டாக்டரய்யா,” என்றேன். “காப்பில. அவுகளுக்குத் தெரியாது.”

டாக்டர் கத்துவார் என்று நினைத்தேன். “இன்னையோட நிப்பாட்டுங்கம்மா. ஆபரேஷன் வேண்டியிருக்காது. ஆனா ஒடனே அடங்காது. மாத்திரைய விட்டாலும் உடம்பு கொஞ்ச நாள் தன்னையே அழிச்சுக்கிட்டுத்தான் இருக்கும்,” என்று மட்டும் சொன்னார். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பிழைத்தார். வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைத் தானே எடுத்து விழுங்கினார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி அழுது தீர்த்திருப்பேன்.

வீட்டுக்கு வந்த அன்று காப்பி கொண்டுபோய் நீட்டினேன். வாங்கினார், முகர்ந்து பார்த்தார், என்னிடமே திருப்பி நீட்டினார்.

“நீ ஒரு வாய் குடி.”

குடித்தேன். மிச்சத்தை அவர் குடித்தார். சாகும்வரை அப்படித்தான் குடித்தார். வீட்டுக்கு வருகிற பெண்கள் அதைப் பார்த்துவிட்டு, இந்த வயதிலும் என்ன ஒரு அன்னியோன்யம் என்று என்னைக் கேலி செய்வார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பேன்.