ரேவதி வண்டிக்கு விரிப்பு வாங்கப் போன கதை

நேற்று திருப்பதியில் ஒரு கடையிலிருந்து என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள், மக்களே!

வண்டிச் சாமான் விற்கும் பெரிய கடை. ஏசி போட்ட கடை! (அதனால்தான் வெளியே வர மனசே வரவில்லை.)

விஷயம் இதுதான். என் மகள் ரேவதி பிக்கப் வண்டி வாங்கியிருக்கிறாள்.

ஆமாம், மகள்தான்! சத்தியவேடு பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் வருஷக்கணக்காக நின்றுகொண்டே வேலை பார்த்தவள். "இனிமே உக்காந்துகினு வேலை செய்றேன் நைனா" என்றாள். ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்!

என் நைனா அடுத்தவர் தோப்பில் மாங்காய் பறித்தார். நான் அடுத்தவர் வண்டியில் மாங்காய் ஏற்றினேன். இவளுக்குச் சொந்த வண்டி. எங்கள் தெருவிலேயே முதல் நாலு சக்கரம்!

(போட்டோ கீழே. வண்டியைப் பாதி மறைத்துக்கொண்டு நிற்கும் தொப்பை அடியேனுடையது.)

புத்தூர் மாங்காய் மண்டிக்காரரிடம் லோடு கேட்டுப் போனோம். அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"வெறும் தகரமா கீதேம்மா! மாங்கூழ் பாக்டரிக்குப் போற காய் இது. கிரேட் பொட்டில அடுக்குறது கிடையாது, அப்படியே கொட்டி ஏத்துறது. சாறு எறங்கினா துருதான். துருக்கறை பட்ட காயைத் திருப்பி அனுப்பிடுவாங்க. நாளைக்குள்ள ஏதாச்சும் விரிச்சிகினு வா, சீசன் முழுக்க லோடு உனக்கே. இல்லாட்டி வேற வண்டி ரெடியா நிக்குது."

லோடு கிடைக்காவிட்டால் வண்டி எங்கள் வாசலில் கோழி அடையத்தான் உதவும்!

வடமாலபேட்டை வழியாக ஒரே ஓட்டமாகத் திருப்பதி.

கடைக்காரர் மூன்று தினுசு காட்டினார். பின்பக்கத்துக்குள் அச்சாகப் பொருந்தும் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று. பெயிண்ட் மாதிரி பீய்ச்சி அடிக்கும் கோட்டிங் ஒன்று. மூலையில் சுருட்டி வைத்திருந்த தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று.

எனக்குப் பிளாஸ்டிக்மேல் பார்த்ததும் காதல்!

"இதான்மா! இன்னா பளபளப்பு பாரு!" என்று, அதைப் பொருத்தி நிறுத்தியிருந்த வண்டியில் ஏறி நின்று காட்டினேன்.

எங்கே நின்றேன்? சர்ரென்று வழுக்கி உட்கார்ந்தேன். (புத்தூர்க்காரனுக்கு எலும்பு முறிவெல்லாம் ஒரு பயமா? கட்டுப் போடும் இடம் வீட்டுக்குப் பக்கம்தானே!)

ரேவதி என்னைத் தூக்கவில்லை. கடைக்காரரிடம் கேட்டாள்:

"அண்ணா, இதுக்கு அடியில சாறு பூந்துச்சின்னா?"

"போவாதும்மா. டைட்டா ஒக்காரும்."

"மாங்கா சாறுண்ணா. அது பூராத எடமே இல்ல. சரி, கோட்டிங் இன்னிக்கே அடிச்சிக் குடுப்பீங்களா?"

"அடுத்த வாரம்தாம்மா. வண்டிங்க வரிசையா நிக்குது."

இந்த இடத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். சீசனின் முதல் லோடுக்கு முன்னால் வண்டியின் தரையில், சரியாக நடுவில், கற்பூரம் ஏற்ற வேண்டும். தட்டில் வைத்து ஏற்றினால் செல்லாது. ஏற்றாத வண்டியில் லோடு ஆள் யாரும் கால் வைக்க மாட்டார்.

அப்படியானால் கற்பூரம் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டாமா?

சட்டைப் பையில் கற்பூரக் கட்டி இருந்தது. தீப்பெட்டியும் இருந்தது. மேஜைமேல் பிளாஸ்டிக் சாம்பிள் துண்டு இருந்தது. வைத்தேன். பற்ற வைத்தேன்.

துண்டு அப்பளம் மாதிரி சுருண்டது! கடை முழுக்கப் புகை!

"ஏமண்டி இதி! கடைய கொளுத்த வந்தீங்களா?"

"டெஸ்ட்டிங்குங்க..."

"வெளிய ஒக்காந்து பண்ணுங்க பெத்தாயனா!"

(பெரியவராம்! முந்தாநாள்தான் மீசைக்கு மை அடித்தேன்.)

வாசல் படியில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகள் ரப்பரை மடக்குகிறாள், முகர்கிறாள், கட்டை விரலால் அழுத்துகிறாள். கடைக்காரர் சிரிக்கிறார். எனக்கும் சேர்த்து அவள்தான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.

கடைசியில் வெளியே வந்தாள்.

"ரப்பர் எடுத்துட்டேன் நைனா. கொட்டுறப்ப காய் அடிபடாது, ஆளுங்களுக்குக் கால் வழுக்காது. சாயங்காலம் தூக்கி, அடியிலயும் கழுவி, காய வெச்சிடலாம்."

"கற்பூரம்?"

"அதை ஏத்துறப்ப விரிப்பச் சுருட்டிக்கோ. தகரத்து மேல ஏத்து. அணைஞ்சதும் விரிச்சிடு."

நான் கடையையே பலி கொடுக்கப் பார்த்த பிரச்சினைக்கு, பாய் சுருட்டுகிற மாதிரி பதில் சொல்லிவிட்டாள்!

இன்று காலை மண்டி. தகரத்தின்மேல் கற்பூரம் எரிந்து அணைந்தது. விரிப்பை உருட்டி விட்டோம். கூடை கூடையாகக் காய் இறங்கியது. தடதட சத்தமே இல்லை, தலையணையில் விழுவது போல!

மண்டிக்காரர் ஓரமாக ஏறி, குதிகாலால் மிதித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். லோடு சீட்டை என்னிடம் நீட்டினார்.

"இந்தாப்பா, சித்தூர் பாக்டரி. சீசன் முடியுற வரைக்கும் நம்ம மண்டிக்கே வந்துடு. ஜாக்கிரதையா ஓட்டிகினு போ."

நான் கையை நீட்டவில்லை.

"டிரைவரு அவங்கதாங்க. நான் கிளீனரு."

என் ஆயுசில் எந்தப் பதவியையும் இவ்வளவு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதில்லை!

மண்டிக்காரர் திரும்பி, சீட்டை ரேவதி கையில் கொடுத்தார்.

சித்தூரில் காய் பார்த்தவர் ஒன்றைக்கூடக் கறை என்று ஒதுக்கவில்லை. லோடு இறங்கிவிட்டது. முன் சீட்டில் சாய்ந்துகொண்டு பெருமை பெருமையாக இந்தப் பதிவை எழுதிக்கொண்டிருக்கிறேன், ஜன்னலில் தட்டுகிறாள்:

"நைனா! போன நோண்டிகினு உக்காந்துகீறியே, விரிப்ப யாரு கழுவுறது? கிளீனருன்னு நீதான சொன்ன? எறங்கு!"

இறங்குகிறேன் மக்களே.

மகள் வண்டியில் வேலைக்குச் சேர்ந்த அப்பாக்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள்: நமக்கெல்லாம் லீவு உண்டா?