வெடித்த கீரை

பிள்ளைகளே, என் மகள் எட்டு வயதில் கீரையைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். உடம்பில் ரத்தம் குறைவாக இருந்தது. ஒரு மாதம் தினமும் கீரை கொடுங்கள், ரத்தம் ஏறாவிட்டால் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் மனைவி திருத்தங்கலில் நர்ஸ். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போடுகிறவள், சொந்தப் பிள்ளைக்கு என்றதும் கீரைக்கட்டோடு அடுப்படிக்கு ஓடினாள். கடைந்து கொடுத்தாள், பொரித்துக் கொடுத்தாள். ஒரு வாய் இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனில் பார்த்தேன். சீனாக்காரர் ஒருவர் இரும்புச் சட்டியைப் புகைய வைத்து, எண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டு, கீரையை முழு இலையாக அள்ளிப் போட்டு, நாலே புரட்டில் இறக்கிவிட்டார்.

"இன்னைக்கு நம்ம வீட்டுல சைனாக் கீரை!" என்றேன்.

மகள் இடுப்பில் கை வைத்தாள். "சைனா வெடி வந்தா நம்ம பட்டாசுக் கம்பெனிக்கு ஆர்டர் இல்லாமப் போயிரும்னு கத்துவீக. இப்ப நீங்களே சைனாவ வீட்டுக்குள்ள விடுறீக?"

"கீரை நம்ம ஆனைக்குட்டத்துக் கீரை தாயி!"

சிறுகீரையை அலசி, தண்ணீரை வடிக்காமலே புகைகிற எண்ணெயில் போட்டேன். சடசடசடவென்று ஒரு சத்தம்!

நான் பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவன். சடசடப்புக் கேட்டால் யோசிக்காதே, கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு என்பதுதான் அங்கே முதல் பாடம். நானும் யோசிக்கவில்லை. கரண்டியைப் போட்டேன், மகளைத் தூக்கினேன், "ஓடுங்க, ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே தெருமுனைக்குப் போய்விட்டேன்.

திரும்பிப் பார்த்தால் என் மனைவி கரண்டியோடு வாசலில் நிற்கிறாள்.

"கீரைக்கு ஓடுற ஆம்பளைய இன்னைக்குத்தான் பாக்கேன்! மகளத் தூக்கினீக, சரி. என்னைய யாரு தூக்குவா?"

மகளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சட்டியை எட்டிப் பார்த்தாள். வெடித்த கீரை எப்படி இருக்கும் என்று ஓர் இலையை எடுத்து வாயில் போட்டாள். இன்னொன்று எடுத்தாள். சட்டி காலி.

மறுநாள் ஈரத்தை நன்றாகத் துடைத்துவிட்டு வதக்கினேன். சத்தமே இல்லை.

"போங்கப்பா, இது நமுத்துப்போன வெடி!" என்றாள். ஆனாலும் தின்றாள். தினமும் தின்றாள்.

மாதக் கடைசியில் டாக்டர் ரத்தம் பார்த்தார். பஸ்ஸில் திரும்பும்போது நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பைப் பார்த்து, "என்ன விசேசம்?" என்று கேட்டார் கண்டக்டர்.

"எனக்கு ஊசி இல்லே!" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள் மகள்.