அம்மா பார்த்த கடை

பாகூர் கடைத்தெருவில் எங்கள் ஜவுளிக்கடை முன்பக்கம், வீடு பின்பக்கம். நடுவில் ஒரு கதவு, அதில் ஒரு திரைச்சீலை. அம்மா வாக்கப்பட்டு வந்து இருபது வருஷமாகியும் வியாபார நேரத்தில் அந்தக் கடையைப் பார்த்ததே கிடையாது. எங்கள் வீட்டுப் பெண்கள் கடைக்குள் போகக் கூடாதாம். பத்தாவது முடித்ததும் எனக்கும் அதே சட்டம். துணி எடுக்க வருகிறவர்களும் பெண்கள்தானே என்று கேட்டால், "உள்ள போ" என்பார்கள்.

எண்பதுகளின் நடுவில் கடையில் ஜாக்கெட் துணிகள் காணாமல் போகத் தொடங்கின. அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அவருடைய அண்ணன், எங்கள் பெரியத்தாதான், கடைக்குப் பெரிய முதலாளி. அவருக்குச் சந்தேகம் விற்பனையாள் மேல். பத்து வருஷமாக எங்களிடம் துணி கிழித்துப் போட்டவர், மூன்று பெண் பிள்ளைகள் வேறு. "வெள்ளிக்கிழமைக்குள்ள கையும் களவுமா புடிக்கிறேன், அப்புறம் வூட்டப் பாத்துப் போவட்டும்" என்றார் பெரியத்தா.

பாண்டியிலிருந்து வந்த கம்பெனிக்காரர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, மூலையில் மாட்டும் உப்பலான வட்டக் கண்ணாடி. இன்னொன்று, கேமராவும் டிவியும். கேமராவை மூன்று நாள் மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொன்னார். முதல் நாள் டிவி கல்லாப் பக்கம் இருந்தது. வந்தவர்களெல்லாம் தலை சீவிக்கொண்டு அதன் முன் நின்றார்களே தவிர, ஒரு முழம் விற்கவில்லை. "உள்ள வெச்சிடு. சும்மா இருக்கற பொம்பளைங்க பாக்கட்டும்" என்றார் பெரியத்தா. சும்மாவாம்! அவர் மூன்று வேளையும் தின்ற சோறு தானாக வெந்ததோ என்னவோ.

இரண்டாம் நாள் மதியம் அம்மாவும் நானும் பாயை விரித்து டிவி முன் உட்கார்ந்தோம். சாம்பல் நிறத்தில், சத்தமே இல்லாமல் எங்கள் கடை. புடவைகள் மெல்ல விரிந்தன, மெல்ல மடங்கின. வாய்கள் அசைந்தன, குரல்களோ திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்தன. நான் பார்ப்பது நம் கடையா, கனவா என்று தெரியாமல் எனக்குக் கண் சொருகியது. அம்மா இமைக்கக்கூட இல்லை.

குருவிநத்தத்துப் பெண் ஒருத்தி புடவை எடுத்து, காசும் கொடுத்துவிட்டாள். அத்தா அவளிடம் ஏதோ சொல்லித் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நாங்கள் கண்டதே இல்லை. வீட்டில் "சோறு", "தண்ணி" தவிர அவர் வாயிலிருந்து வேறு வார்த்தை விழாது. சிரித்துக்கொண்டே ஒரு ஜாக்கெட் துணியைச் சுருட்டி அவள் பொட்டலத்துக்குள் செருகினார். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு பேருக்கு அதே போல. தலைக்கு மேல் கேமரா இருப்பதையே மனிதர் மறந்துவிட்டார்.

"அடப்பாவி மனுசா!" என்றாள் அம்மா.

டீ குடிக்க உள்ளே வந்தவரைப் பிடித்துக்கொண்டாள். "யாருக்கு வேணா குடுங்க, நான் இன்னா கேக்கவா போறேன்? உங்களால அந்த ஆளுக்கு வேல போவுது. வாய மூடிக்கினு நிக்கிறீங்களே, நல்லாவா இருக்கு?"

"பொடவ எடுத்துட்டு ஜாக்கெட்டுக்குக் காசில்லாம நிக்குதுங்க. அண்ணங்கிட்ட சொன்னா ஒத்துக்க மாட்டாரு" என்று அத்தா முனகினார்.

"நீங்க சொல்றீங்களா, இல்ல நான் கடைக்குள்ள வந்து சொல்லட்டுமா?"

டீயை அப்படியே வைத்துவிட்டுப் போனார். பெரியத்தா போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. விற்பனையாளின் வேலை தப்பியது. அண்ணனும் தம்பியும் நோன்புப் பெருநாள் வரைக்கும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில், கண்ணாடியும் வேண்டாம் கேமராவும் வேண்டாம் என்று முடிவாகி, கம்பெனிக்காரர் கழற்ற வந்தார். டிவியைத் தூக்க அத்தா உள்ளே வந்தார். அம்மா அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"மூணு நாளுன்னுதான சொன்னாங்க? இன்னும் ஒரு நாள் இருக்கு."

"இன்னாத்துக்கு? அதான் திருடனப் புடிச்சிட்டியே."

"நீங்க சிரிக்கிறத நான் வேற எங்க போய்ப் பாக்கறது?"

டிவியைத் தூக்க நீட்டிய கையை அத்தா இழுத்துக்கொண்டார். பிறகு வெளியே போய், கம்பெனிக்காரரை நாளைக்கு வரச் சொன்னார்.