சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகள்

சைதாப்பேட்டையில் ஆற்றங்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி ஹாலில் சனிக்கிழமை மாலைகளில் இலவச வகுப்பு நடக்கிறது. நடத்துவது அடையாறில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு அறக்கட்டளை. பத்திரிகையில் பிறர் எழுதியதைத் திருத்தியே ஓய்வு பெற்றவன் நான். மாதம் ஒரு பக்கம் அறிக்கை எழுதித் தரச் சொன்னார்கள். வகுப்பைப் பார்க்காமல் எழுத மாட்டேன் என்று வாராவாரம் போக ஆரம்பித்தேன்.

குழந்தைகள் ஐந்தைந்து பேராக வட்டமாய் உட்காருவார்கள். முப்பது வயதைத் தாண்டாத மிஸ், ஒவ்வொரு வட்டத்துக்கும் ஏதாவது ஒரு பொருளைக் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். விடையை அவராகச் சொல்லவே மாட்டார். இந்த முறை பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. ஒரு சனிக்கிழமை அது போய்விட்டது.

அன்று வட்டத்துக்கு ஒரு வாளி. "இது ரொம்பறதுக்கு எத்தனை டம்ளர் தண்ணி வேணும்? முதல்ல உத்தேசமா சொல்லுங்க" என்றார் மிஸ். இருபது, ஐம்பது, நூறு என்று ஹால் முழுக்கக் கத்தல். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒன்பது வயதுப் பெண் மட்டும் கையைத் தூக்கினாள்.

"எந்த டம்ளரு மிஸ்? ஊட்டு டம்ளரா, டீக்கட டம்ளரா? டீக்கட டம்ளரு அடில தடியா கீது. ஒண்ணுமே புடிக்காது."

"இன்னாடி, நீ டீ மாஸ்டரா?" என்றான் பக்கத்து வட்டத்துப் பையன்.

"ஆமாண்டா. உனுக்கு ஒரு டீ சொல்ட்டா?"

மிஸ் சிரித்தார். பிறகு நான் எதிர்பார்க்காததைச் செய்தார். பாடத்தை அங்கேயே நிறுத்தி, எல்லோரையும் வீட்டுக்கு ஓடி ஒரு டம்ளர் எடுத்துவரச் சொன்னார். எவர்சில்வர், பிளாஸ்டிக், காது உடைந்த கப் எல்லாம் வந்தன. அளந்தார்கள், சண்டை போட்டார்கள், தரையெல்லாம் ஈரம். ஒரே வாளிக்கு ஆறு விடை. ஏன் ஆறு என்று பிள்ளைகளே பேசிப் பேசிக் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு நல்ல வகுப்பை நான் பார்த்ததில்லை.

மகளைக் கூட்டிப்போக வந்த அந்தப் பெண்ணின் அம்மா படிக்கட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். "இஸ்கூல்ல வாயே தொறக்க மாட்டா சார். இவ பேசறத பாத்து சிரிக்கறாங்களாம். இங்க வந்துதான் பேசிக்கினு கீறா" என்றார்.

இரண்டு வாரம் கழித்து, நிதி கொடுப்பவர்கள் வகுப்பைப் பார்க்க வருவதாகத் தகவல். மிஸ் என்னிடம் வந்தார். "அவங்களுக்குப் புடிச்சாத்தான் சார் அடுத்த வருஷமும் கிளாஸ் இருக்கும். அதே வாளிப் பாடத்தையே எடுக்கறேன். பசங்க தானா கேக்கற மாதிரி அஞ்சு கேள்வி எழுதிக் குடுங்க. நீங்க எழுதினா நீட்டா இருக்கும்."

எழுதினேன். பழக்க தோஷம் என்று தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன். நாற்பது வருடம் அடுத்தவர் பேச்சைச் சீராக்கிய கை. ஐந்து கேள்வி, ஐந்து சீட்டு; பிள்ளைகள் பார்க்க அந்த ஹாலிலேயே உட்கார்ந்து எழுதினேன். மூன்றாவது சீட்டில் நான் எழுதியது: "டம்ளரின் அளவு மாறினால் விடையும் மாறும் அல்லவா?" அது அந்தப் பெண்ணின் கேள்வி. அவள் பேச்சைக் கழுவித் துடைத்து, டீக்கடையை எடுத்துவிட்டு எழுதியிருந்தேன். அதை யாருக்குக் கொடுப்பது என்று மிஸ் முடிவு செய்தார். உச்சரிப்பு நன்றாக இருக்கும் வேறொரு பெண்ணுக்குப் போனது. ஜன்னலோரப் பெண்ணுக்குச் சீட்டே இல்லை.

அந்த நாள் வந்தது. ஏழெட்டு விருந்தினர்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள், செல்போன் வீடியோ. எல்லா வட்டத்துக்கும் கடையில் வாங்கிய ஒரே அளவு டம்ளர். தரையில் ஒரு சொட்டு நீர் சிந்தவில்லை. மூன்றாவது கேள்வியைச் சீட்டு வாங்கிய பிள்ளை எழுந்து பிசகாமல் ஒப்பித்தாள். விருந்தினர்கள் கைதட்டினார்கள்.

"மிஸ், அது நான் கேட்ட கேள்வி!"

ஜன்னல் பக்கமிருந்து வந்தது குரல். "அன்னிக்கு நான்தான கேட்டேன்? அவ டம்ளரே எத்துனு வர்ல மிஸ்!"

விருந்தினர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் அவளுக்குச் சிரிப்பு சிரிப்புதான். மிஸ் முகம் மாறவில்லை. அருகில் போய்க் குனிந்து, "நீ கீழ போய் எல்லாரோட செருப்பையும் வரிசையா வைம்மா" என்றார். அவள் போனாள். வீடியோவை இன்னொரு முறை எடுத்தார்கள். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

எல்லோரும் போன பிறகு, இனிமேல் சீட்டு எழுத மாட்டேன் என்று மிஸ்ஸிடம் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. என் கோபத்தில் பாதி என் மேல்தான் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

"கிளாஸ் நின்னு போச்சுன்னா அவளுக்கு எது சார் இருக்கு?" என்றார். உடனே, "பரவால்ல சார், அடுத்த தடவை நானே எழுதிக்கறேன்" என்று வாளிகளை அடுக்கப் போய்விட்டார்.

நிதி தொடர்கிறது. வகுப்பும் தொடர்கிறது. அடுத்த சனிக்கிழமை விருந்தினர் யாரும் இல்லை. மிஸ் ஒரு தராசையும் சில கற்களையும் கொடுத்து, எது கனம் என்று கேட்டுவிட்டு ஒதுங்கினார். பழையபடி சத்தம். நல்ல பாடம்தான்.

ஜன்னலோரப் பெண் வந்திருந்தாள். தராசைத் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளியில் உட்காருவதைப் போல உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏம்மா, நீ ஒண்ணும் கேக்கலையா?"

என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. விளங்காதவனுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்பவளைப் போலச் சொன்னாள்:

"நீ இன்னும் எனுக்கு எழுதியே குடுக்கலயே சார்."