மெரியலின் இரண்டாவது கண்ணாடி

நோவாவின் கப்பலுக்கு ஜன்னல் மாட்டும் வேலையை என் அக்கா மெரியலிடம் கொடுத்திருந்தால், உள்ளே ஒரு சொட்டும் இறங்காததைப் பார்த்து வெள்ளமே வெறுத்துப்போய் நாலே நாளில் வடிந்திருக்கும். இங்கிலாந்தில், வால்சாலில், எங்கள் தெருவில் யாரையும் கேளுங்கள். மறுத்தால் அவர்கள் பொறாமைக்காரர்கள்.

அக்கா பகலில் பஸ் டிப்போவில் பிரேக் பார்ப்பாள். மீதி நேரமெல்லாம் வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில், பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை வைத்து மஞ்சள் கார் ஒன்றைப் பூட்டிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷம். அதற்குள் இரண்டு காதலர்கள் வந்து போனார்கள். இரண்டாமவன் "காரா, நானா?" என்று கேட்டபோது, "அந்தப் பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடு" என்றாளாம்.

மிச்சமிருந்தது முன்கண்ணாடி. அதைச் செய்த கம்பெனியை எப்போதோ மூடிவிட்டார்கள். தேடியலைந்ததில் இரண்டுதான் கிடைத்தன. பிப்ரவரியில் முதலாவதை மாட்டும்போது அதன் ஓரத்தைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் குளிரில் விறைத்து வளைய மறுக்க, கண்ணாடி உடைந்துவிட்டது. அக்கா அழவில்லை. சில்லுகளைக் கூட்டி அள்ளிவிட்டு வேலைக்குப் போனாள். இரண்டாவதும் போனால் கார் ஷெட்டை விட்டு வெளியே வராது.

மறுபடி மாட்ட நாள் குறித்தோம். முந்தின நாள் சாயங்காலம் பார்த்தால் உறைபனி.

"ரப்பர் கட்டை மாதிரி கிடக்குடா வில்ஃப்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் படுக்கப் போனாள்.

காலையில் ரப்பர் தொட்டால் துவண்டது. அக்கா அதை அமுக்கிப் பார்த்தாள். மடிப்பிலிருந்து எதையோ நகத்தால் நோண்டி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். நான் கூரையைப் பார்த்தேன்.

கண்ணாடியைச் சுற்றி ரப்பரைப் பொருத்தினாள். அதன் உள்மடிப்பில் கயிறு ஒன்றைச் சுற்றி வைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, சட்டத்தில் சாய்த்தோம். வெளியே நின்று நான் அழுத்த வேண்டும். உள்ளே உட்கார்ந்து அவள் கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பரின் விளிம்பு சட்டத்தைத் தாண்டி உள்ளே விழும்.

"அமுக்குடா."

"அமுக்கிட்டுதான இருக்கேன்."

"நீ சாஞ்சிக்கிட்டு இருக்க."

கடைசி மூலை வந்தது. வாயில் வைத்திருந்த இஞ்சி பிஸ்கட்டைப் படக்கென்று சத்தம் வரக் கடித்தேன்.

அக்காவின் முகம் வெளுத்தது. கை மட்டும் அசையவில்லை. கயிறு இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. கண்ணாடியின் ஓரத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு வந்த கண், கடைசியில் என் வாய்க்கு வந்தது.

"மென்னு முழுங்கு. முடிச்சிட்டு உன்னைக் கொல்றேன்."

மிச்சக் கயிற்றையும் அதே நிதானத்தில் இழுத்து முடித்தாள். நானாக இருந்தால் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன்.

பிறகு டேஷ்போர்டில் முகப்பவுடரைத் தூவிவிட்டு உள்ளேயே உட்கார்ந்தாள். ஒரு சொட்டு விழுந்தாலும் தெரிந்துவிடும். நான் வெளியே நின்று கண்ணாடிமேல் தண்ணீர்க் குழாயைப் பிடித்தேன். பவுடர் பவுடராகவே இருந்தது. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அக்கா இறங்காமல் இருந்தாள். கண்ணாடியில் தண்ணீர் ஓடியதால் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. தெரிய வேண்டாமென்று நானும் குழாயை நிறுத்தவில்லை.

ஒருவழியாக இறங்கி வந்து, சட்டைப்பையில் இருந்ததை என் உள்ளங்கையில் கொட்டினாள்.

"இஞ்சி பிஸ்கட் தூளு. உன் பச்சைப் போர்வை நூலு. ரப்பர் மடிப்புல இருந்துச்சு."

"ராத்திரி ரப்பரை எலி இழுத்துட்டுப் போயிருக்கும்."

"அம்மாவோட வெந்நீர்ப் பையையும் சேத்தா இழுத்துட்டுப் போச்சு, உன் கட்டிலுக்கு?"