அறுப்பின் பண்டிகையில் ஏலம் எடுத்த கப்பல்

சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார மிஸியம்மாள் சபைக்கு விட்டுப்போன படம் அது. பாளையங்கோட்டையில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில், பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவே அதையும் தூக்கிக் காட்டினார்கள். கறுத்த கடலில் ஒரு பாய்மரக் கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. என்ன கப்பல் என்று யாருக்கும் தெரியவில்லை. உபதேசியார் கொடியில் சிவப்புச் சிலுவையைக் கண்டார். அப்போஸ்தலர் கைதியாக ரோமாபுரிக்குப் போன கப்பல் என்று அறிவித்துவிட்டார். சிலுவை இருந்தால் எங்கள் சபைக்கு வேறு சாட்சி எதற்கு? என் வீட்டுக்காரர் விடாமல் கேட்டு ஏலத்தில் எடுத்துவிட்டார்.

எனக்கு அன்றே குழப்பம்தான். கப்பல் தளத்தில் நின்ற அத்தனை பேரும் தொப்பி போட்டிருந்தார்கள். கைதியையும் காணோம், காவலாளியையும் காணோம். வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, உபதேசியாரைவிட நீ அதிகம் படித்தவளோ என்று வாயை அடைத்தார்.

அப்போது அவருக்குப் பினாங்கில் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை வந்திருந்தது. கடல் என்றாலே எனக்குக் குலை நடுங்கும். போகக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றேன். ஒருநாள் சாயங்கால ஜெபம் முடிந்ததும் என்னைப் படத்துக்கு முன்னால் நிறுத்தினார்.

"ஏட்டி, இங்கன பாரு. இந்தக் கப்பல் புயல்ல சுக்குநூறாப் போச்சு. ஆனா ஏறுன ஆளு அத்தனை பேரும் கரை சேந்துட்டாவ. வேதத்துலயே இருக்கு. பெறவு என்ன பயம்?"

வேதத்தைச் சொன்ன பிறகு நான் என்ன சொல்ல? போய்வாருங்கள் என்றேன். பினாங்கில் இறங்கிவிட்டதாகத் தந்தி வரும்வரை அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்தே மனதைத் தேற்றிக்கொண்டேன்.

தந்தி வந்த மறுவாரம், புதிதாக வந்திருந்த மிஸியம்மாள் எங்கள் வீட்டைச் சந்திக்க வந்தார். படத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால், விசுவாசத்துக்காக இங்கிலாந்தை விட்டு அமெரிக்காவுக்குப் போனவர்களின் கப்பலாம் அது. கொடி இங்கிலாந்துக் கொடியாம். அப்படியானால் இது உடையவில்லையா என்று கேட்டேன்.

"இல்லை, கப்பல் பத்திரமாக ஊர் திரும்பியது. போனவர்களில்தான் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே நோயில் இறந்துபோனார்கள்."

எந்தக் கப்பலை நம்பி நான் அவரை அனுப்பினேன்?

"கடல்லயா செத்தாவ?" என்றேன்.

"அல்ல அம்மா. கரை சேர்ந்த பிறகு."

முந்தின ஞாயிற்றுக்கிழமைதான், கரை சேர்த்தீரே என்று கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டிருந்தேன். பயப்படுவதையும் அதோடு விட்டிருந்தேன்.