ஒரு கிராம் கால்சியம்

அடையாறு பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் நானும் அவனும் ஒரே மக்னீசியக் கலவையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். இருவரும் ஆராய்ச்சி மாணவர்கள். நான் மயிலாப்பூர், அவன் வேளச்சேரி. மக்னீசியம் அலுமினியத்தைவிட லேசு, ஆனால் சூடு தாங்காது. விரல் நீளக் கம்பியில் எடை கட்டி உலைக்குள் தொங்கவிட்டால் நாலாம் நாளே நீண்டு தொய்ந்துவிடும். எவ்வளவு நீண்டது என்று வெளியே ஒரு டயல் ஊசி காட்டும். காலையில் அவன், மாலையில் நான், ஞாயிற்றுக்கிழமை என்றால் மாதா கோயில் பூசை முடிந்த கையோடு நான் என்று முறைவைத்துக் குறிப்போம். முறை மாறும்போது சேர்ந்து ஒரு டீ. அந்த டீக்காகத்தான் நாள் முழுக்கக் காத்திருந்தேன் என்று சொல்ல இப்போது வெட்கமில்லை.

அவனுக்கு வெளிநாட்டில் வேலை தயாராக இருந்தது. ஒரு கம்பி ஆயிரம் மணி நேரம் தாங்கிவிட்டால் ஆய்வு முடியும், கிளம்பிவிடுவான். ஒவ்வொரு கம்பி தொய்ந்தபோதும் அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். நான் உச்சுக்கொட்டிவிட்டு, உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

அப்படிப்பட்டவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “கொஞ்சம் கால்சியம் சேத்துப் பாப்பமா?” என்று கேட்டவள் நான்தான். உலோகம் பொடிப்பொடிப் பரல்களால் ஆனது; சூட்டில் பரல்களின் இடுக்குதான் முதலில் இளகும். கால்சியம் அங்கே, கலவையில் ஏற்கெனவே இருக்கும் அலுமினியத்தோடு சேர்ந்து கெட்டிப்பட்டு, பரல்களை நழுவவிடாமல் பிடித்துக்கொள்ளும். அளவு தப்பினால் வார்க்கும்போதே விரிசல். முதல் தடவை என் கை தாராளமாகப் போய் அப்படித்தான் ஆனது. அடுத்த தடவை நூறு கிராமுக்கு ஒரு கிராம், அளந்து போட்டேன். கெட்டிக்காரி என்று அவன் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

முதல் நாள் ஊசி துளி நகர்ந்தது. பிறகு நின்றேவிட்டது. வேளச்சேரி மிதந்த வாரத்தில்கூட முழங்கால் நனைய வந்து பார்த்தான்.

ஒரு மாலை உலையின் குமிழில் கை வைத்தேன். இருபது டிகிரி ஏற்றினால் கம்பி தொய்ந்துவிடும், அவன் இருப்பான். அவன் உழைப்பைக் கெடுத்தா அவனை வைத்துக்கொள்வது? கையை எடுத்துக்கொண்டேன்.

ஆயிரம் மணி நேரம் முடிந்த அன்று அவன் குதித்தான். “நீ போட்ட ஒரு கிராம் இன்னா வேலை காட்டிக்கீது பாரு! கெட்டிக்காரிதான் நீ!”

“ஆமா,” என்றேன். அடுத்த மாதம் போய்விட்டான்.

இப்போது அதே கூடத்தில் என் மாணவர்கள், ஊசி அசையாமல் நின்றால் இனிப்பு வாங்கி வருகிறார்கள். நானும் தின்கிறேன். அவர்கள் போனதும் டயல் முன்னால் குனிகிறேன். கொஞ்சம் நகரேன் என்றுதான் இன்றைக்கும் கேட்கத் தோன்றுகிறது.